பேட்டரி அடிமட்டத்தில் இருக்கும்போது இழுவையைக் குறைப்பது எப்படி?

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் திரையில் இன்னும் 16 சதவீதம் காட்டுகிறது. யாரோ இஸ்திரிப்பெட்டியைப் போடுகிறார்கள், கூடவே ஹீட்டரும் ஓடுகிறது. பட்டென்று பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) ட்ரிப் ஆகி வீடே இருட்டாகிவிடுகிறது. சார்ஜ் மிச்சம் இருந்தும் ஏன் இப்படி?

16 செல் கொண்ட எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியில் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி காலியாவதில்லை. ஏதாவது ஒரு நோஞ்சான் செல் முதலில் தரை தட்டும். அது சும்மா இருக்கும்போது 2.86 வோல்ட், அதன் உள்தடை 1 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 80 ஆம்பியர் இழுத்தால் 0.08 வோல்ட் சரிந்து 2.78-க்கு வரும். பிஎம்எஸ்ஸின் எல்லை 2.8 என்றால் கதை முடிந்தது. அதே செல்லில் 20 ஆம்பியர் மட்டும் இழுத்தால் 2.84-இல் நிற்கும், ட்ரிப் ஆகாது. போதாக்குறைக்கு, சார்ஜ் குறையக் குறைய உள்தடையும் ஏறும்.

ஆகவே பேட்டரி இறங்க இறங்க, இழுக்கும் அளவையும் படிப்படியாக இறக்கப் போகிறோம். இங்கே எடுத்துக்கொள்வது ஈஎஸ்எஸ் முறையில் (பேட்டரியும் ஈபி லைனும் சேர்ந்து வீட்டு லோடைச் சுமக்கும் முறை) ஓடும் விக்ட்ரான் மல்டிபிளஸ்-2 48/5000 இன்வெர்ட்டர். அது தொடர்ந்து தரும் திறன் 4000 வாட்.

படி 1: ஈஎஸ்எஸ் மெனுவில் மினிமம் எஸ்ஓசி-யை (குறைந்தபட்ச சார்ஜ் அளவு) 15 சதவீதமாக வையுங்கள். அதற்குக் கீழே போனால் வீட்டு லோடை ஈபி லைனே சுமக்கும்.

படி 2: கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். 30 சதவீதத்துக்கு மேல் கட்டுப்பாடு வேண்டாம். 30-இலிருந்து கீழே:

வாட் = 1000 + (சார்ஜ் சதவீதம் − 15) × 200

20 சதவீதத்தில் இது 2000 வாட், ஏறக்குறைய 40 ஆம்பியர். இன்வெர்ட்டரில் போகும் இழப்பு இதில் சேராது. பேட்டரியிலிருந்து கொஞ்சம் கூடவே போகும்.

படி 3: இந்த வேலைக்கு நோட்-ரெட் ('நோட்' எனும் கட்டங்களை இணைத்துத் தானியங்கி வேலைகளை அமைக்கும் மென்பொருள்) வேண்டும், அது விக்ட்ரான் கட்டுப்பாட்டுக் கருவியில் ஓடும் வீனஸ் ஓஎஸ்ஸின் லார்ஜ் பதிப்பில்தான் கிடைக்கும். பேட்டரி நோடிலிருந்து சதவீதத்தை எடுத்து, ஃபங்ஷன் நோடில் மேலே உள்ள கணக்கைப் போட்டு, வரும் விடையை ஈஎஸ்எஸ்ஸின் "லிமிட் இன்வெர்ட்டர் பவர்" அமைப்புக்கு அனுப்புங்கள். −1 அனுப்பினால் கட்டுப்பாடு நீங்கிவிடும். விடையை 100 வாட் படிகளாக முழுமைப்படுத்தி, மாறினால் மட்டும் அனுப்புவது நல்லது. இந்த அமைப்பு சேமிப்பு நினைவகத்தில் பதிவாவதால், அது தேயாமலிருக்க விநாடிக்கொரு தரம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். இன்னொன்று: நோட்-ரெட் நின்றுபோனால் கடைசியாக அனுப்பிய எண் அப்படியே தங்கிவிடும்.

படி 4: சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். எல்எஃப்பி-யின் வோல்டேஜ் நடுவில் சமதரை மாதிரி கிடக்கும், அதனால் சதவீதக் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும். உங்கள் பிஎம்எஸ் மிகக் குறைந்த செல்லின் வோல்டேஜை அனுப்பினால் அதையும் சேருங்கள்: 3.0-க்குக் கீழே போனால் சதவீதம் என்னவானாலும் 1000 வாட்தான். இழுவை குறைந்ததும் வோல்டேஜ் துள்ளி ஏறும். உடனே விடுவித்தால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். 3.2 தாண்டிய பிறகுதான் விடுவிக்க வேண்டும்.

படி 5: இதுவரை செய்ததெல்லாம் ஈபி இருக்கும்போதுதான் செல்லும், ஏனென்றால் மீதியைத் தர அந்த லைன் வேண்டும். கரண்ட் போய்விட்டால் வீடு கேட்பதை இன்வெர்ட்டர் கொடுத்தே தீர வேண்டும். மினிமம் எஸ்ஓசி-யும் அப்போது தடுக்காது. அதற்கு வழி வயரிங்கில்தான் இருக்கிறது. ஹீட்டர், மோட்டார், ஏசி போன்றவற்றை எலக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டரின் 'ஏசி அவுட் 2' என்ற இரண்டாவது வெளியீட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஈபி போனால் அந்த வெளியீடு தானே துண்டிக்கப்படும். ஈஎஸ்எஸ் அசிஸ்டன்ட்டில் (இன்வெர்ட்டருக்குள் ஏற்றும் அமைப்பு நிரல்) உள்ள டைனமிக் கட்-ஆஃப் கடைசி அரண். இழுக்கும் ஆம்பியருக்கு ஏற்ப நிறுத்தும் வோல்டேஜை மாற்றும். அதன் எண்களை உங்கள் பேட்டரித் தயாரிப்பாளர் தருவதுபடி வையுங்கள்.

படி 6: சோதிக்க, பேட்டரி காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணக்கில் 30, 15 என்பவற்றைத் தற்காலிகமாக 80, 65 ஆக்குங்கள். சார்ஜ் 70-இல் இருக்கும்போது, சூரிய மின்சாரம் வராத மாலையில், 3000 வாட் அளவுக்கு லோடு போடுங்கள். பேட்டரி 2000 வாட்டைச் சற்றே தாண்டி நிற்க, மீதி ஈபி-யிலிருந்து வந்தால் சரி. பார்த்து முடித்ததும் பழைய எண்களைத் திரும்பப் போடுங்கள். நான் மறந்துபோய், மீட்டர் ஏன் இப்படி ஓடுகிறது என்று ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.