சின்ன ஆஸ்பத்திரியில் ‘ஸ்ட்ரோக் கோட்’ தொடங்குவது எப்படி?

ஸ்ட்ரோக் (பக்கவாதம்) என்று சந்தேகம் வந்த உடனே மணி அடித்து எல்லோரும் ஓடி வருகிற ஏற்பாடுதான் ‘ஸ்ட்ரோக் கோட்’. கடலூர் மாதிரி ஊர்களில் எமர்ஜென்சி பார்க்கும் புது நர்ஸ்களுக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் இது. உங்களிடம் சிடி ஸ்கேன் இருக்கிறது, ராத்திரியில் டெக்னீஷியன் போன் போட்டால் வருவார் என்று வைத்துக்கொள்கிறேன். மூளை ரத்தக்குழாய் அடைப்புக்கும் ரத்தக்கசிவுக்கும் வித்தியாசம் தெரியும்தானே, நேராக வேலைக்குப் போவோம்.

1. வாட்ச்மேனிலிருந்து தொடங்குங்கள்

ஆட்டோவில் வந்து இறங்குபவரை முதலில் பார்ப்பவர் அவர்தான். வாய் கோணல், தூக்கிய கை இறங்குவது, பேச்சுக் குளறல். “மழை வந்தா குடை எடுத்துக்கணும்” என்று சொல்லச் சொன்னாலே பேச்சு தெரிந்துவிடும். திடீர்த் தள்ளாட்டம், பார்வைக் குறைவையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். இவர்களைத்தான் “வெறும் தலைசுத்தல்” என்று பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஒன்று இருந்தாலும் மணி அடிக்கணும். ஓ.பி. சீட்டு அப்புறம்.

2. நேரம் கேட்பது

பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இங்கேதான். “எப்போ ஆச்சு?” என்றால் வீட்டார் தாங்கள் பார்த்த நேரத்தைச் சொல்வார்கள். நமக்கு வேண்டியது அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கான 4.5 மணி நேரம் அதிலிருந்துதான் ஓடுகிறது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப் போன நேரம்தான் கணக்கு.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். “நடுவுல பாத்ரூம் போனாரா? யார் பார்த்தீங்க?” என்று கேளுங்கள். “நாலரைக்கு அவரே போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வந்தாரே” என்று மருமகள் சொன்னால் கணக்கே மாறிவிடும். தனியாக இருப்பவரா? அவர் செல்போனில் கடைசியாகப் பேசியவரைக் கூப்பிட்டு, பேச்சு தெளிவாக இருந்ததா என்று விசாரியுங்கள்.

நேரம் தாண்டிவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பெரிய ரத்தக்குழாய் அடைப்பு என்றால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை வெளியே எடுக்க முடியும்.

குறித்துவைக்க ஆப் எல்லாம் வேண்டாம். ஸ்டிரெச்சரில் கட்டிய அட்டை, ஒரு மார்க்கர், போதும். வாட்ஸ்அப் குரூப்பை நம்பவே நம்பாதீர்கள்; ராத்திரி இரண்டு மணிக்கு அதை யார் பார்க்கிறார்கள்? போன் அடியுங்கள்.

3. சிடிக்குப் போகிற வழியில்

சுகர் பாருங்கள், சுகர் இறங்கினாலும் அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். பி.பி., ஐ.வி. லைன், எடை. அசிட்ரோம் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால், ரத்தக்கசிவு நோய் எதுவும் இருப்பதாகச் சந்தேகமும் இல்லையென்றால், மற்ற ரத்த ரிப்போர்ட்டுகளுக்காக ஊசியை நிறுத்தி வைக்க வேண்டாம். வாயில் தண்ணீர், மாத்திரை எதுவும் கூடாது. சிடிக்கு முன் ஆஸ்பிரினும் கிடையாது. ஊசி போட பி.பி. 185/110-க்குக் கீழே இருக்க வேண்டும். வாசலுக்கு வந்ததிலிருந்து 25 நிமிடத்தில் சிடி, 60 நிமிடத்துக்குள் ஊசி. இதுதான் இலக்கு.

4. ஊசி

மருந்து எமர்ஜென்சி அலமாரியிலேயே இருக்கட்டும், பில் போட்டு பார்மசியிலிருந்து வரக் காத்திருக்காதீர்கள். என் ஓட்டு டெனெக்டெப்ளேஸுக்கு: கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், அதிகபட்சம் 25, ஒரே தடவையில் செலுத்திவிடலாம். இன்னொரு மருந்தான அல்டெப்ளேஸ் என்றால் ஒரு மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். ஆம்புலன்ஸில் அது பெரிய தொல்லை.

பின்சேர்க்கை: ஆபரேஷன் முடிந்து வார்டில் இருப்பவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் என்ன செய்வது என்று புதுச்சேரி நர்ஸ் ஒருவர் கேட்டிருந்தார். அதே மணி, அதே போன்தான். பெரிய ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்துக்குள் என்றால் ஊசி பெரும்பாலும் போட மாட்டார்கள், ஆனால் கட்டியை எடுக்க வாய்ப்பு இருக்கலாம். ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று, கோரிமேடு ஜிப்மருக்கோ வேறு எங்கோ அனுப்புவதாக இருந்தால், வண்டி கிளம்பும் முன் அங்கே பேசி நேரம், பி.பி., சுகர், சிடி முடிவைச் சொல்லிவிடுங்கள். கடைசியாக அவரைப் பார்த்தவரையும் வண்டியிலேயே ஏற்றி அனுப்புங்கள்.