தாயகம் புறப்படும் முன் கடவுச்சொற்களைத் தேடி எடுங்கள்

பெட்டி கட்டும்போது கடவுச்சீட்டையும் பயணச்சீட்டையும் பத்து முறை எடுத்துப் பார்க்கும் நாம், அந்தப் பயணச்சீட்டு வந்து சேர்ந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் என்னவென்று யாராவது கேட்டால் விழிக்கிறோம். பல ஆண்டுகளாகக் கைப்பேசியே அதை நினைவில் வைத்துக்கொண்டு தானாக நிரப்பிவிடுவதால், கைப்பேசி கையில் இருக்கும்வரை இது ஒரு குறையாகவே தெரிவதில்லை.

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது என் கைப்பேசி தண்ணீரில் விழுந்து அணைந்துபோனது. திரும்பும் விமானத்தின் நேரத்தைப் பார்ப்பதற்காக அத்தை மகனின் மடிக்கணினியில் மின்னஞ்சலைத் திறக்க முயன்றேன். நல்லவேளையாகக் கடவுச்சொல் நினைவில் இருந்தது. ஆனால் என் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை அனுப்பியிருப்பதாகவும், அதை உள்ளிடும்படியும் திரை கேட்டது. அந்த எண்ணுக்குரிய சிம் அட்டையோ, ஊரில் பயன்படாது என்று எண்ணி வீட்டு மேசை இழுப்பறையில் நான் விட்டுவந்திருந்த ஒன்று. கடவுச்சொல் தெரிந்தும் என் அஞ்சலை என்னாலேயே திறக்க முடியவில்லை.

ஆகவே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாவது, சேமித்த கடவுச்சொற்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் குரோம் உலாவியின் அமைப்புகளுக்குள் கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கிறது. அதில் ஒரு தளத்தின் பெயரைத் தொட்டு, கைரேகையாலோ திரைப்பூட்டு எண்ணாலோ உறுதிப்படுத்தி, கண் வடிவக் குறியை அழுத்தினால் கடவுச்சொல் தெரியும். ஐபோனில், 2024இல் வெளிவந்த ஐஓஎஸ் 18 முதல் பாஸ்வேர்ட்ஸ் என்ற தனிச் செயலியே உண்டு. அதற்கு முந்தைய பதிப்புகளில் அமைப்புகளுக்குள் அதே பெயரில் ஒரு பகுதி இருக்கும்.

கணினியில்தான் பலர் இடறுகிறார்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் ஆகிய ஒவ்வோர் உலாவியும் தனக்கெனத் தனிப் பெட்டகம் வைத்திருப்பதால், வீட்டுக் கணினியின் எட்ஜ் உலாவியில் சேமித்த கடவுச்சொல் கைப்பேசியின் குரோமில் தானாக வந்து நிற்காது. மூன்றையும் திறந்து, பயணத்தில் தேவைப்படுவனவற்றை மட்டும் ஒரே பெட்டகத்திற்குக் கொண்டுவாருங்கள். ஒரே தளத்திற்கு இரண்டு மூன்று பதிவுகள் இருந்தால், எது இன்றும் செல்லுபடியாகிறது என்று உள்நுழைந்து பார்த்து, பழையவற்றை நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதியும் உண்டு. ஆனால் அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள் பூட்டின்றி வெறும் எழுத்தாகவே கிடக்கும் என்பதால், அதைக் கைப்பேசியில் கொண்டுபோவதையும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வதையும் நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கடவுச்சொல்லைவிட எனக்குப் பெரிய கவலை அந்த இரண்டாம் கட்டக் குறியீடுதான். வெளிநாட்டு சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள். இரண்டு சிம் போடக்கூடிய கைப்பேசியானால் இரண்டையும் போட்டுக்கொண்டு, குறுஞ்செய்தி வந்துசேரும்படி ரோமிங் வசதியை முன்பே கேட்டுப் பெறுங்கள். குறியீடு உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலி இணையமோ சிம்மோ இல்லாமலே இயங்கும் என்பதால் அதற்கு மாறுவது நல்லது. ஆனாலும் கைப்பேசியே தொலைந்தால் அதுவும் உடன் போய்விடும். அதற்காகவே கூகுள் கணக்கில் எட்டு இலக்கங்கள் கொண்ட பத்து மாற்றுக் குறியீடுகளைப் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மட்டுமே செல்லும். அவற்றைத் தாளில் அச்சிட்டு, கைப்பேசி வைக்கும் பையில் அல்லாமல் கடவுச்சீட்டோடு வையுங்கள். அந்தத் தாளில் கணக்கின் பெயரை எழுதாதீர்கள்.

ஐபோன் வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். திருட்டுப் பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருந்தால், வழக்கமான இடங்களுக்கு வெளியே திரைப்பூட்டு எண்ணை மட்டும் கொண்டு கடவுச்சொற்களைப் பார்க்க முடியாது. முகமோ கைரேகையோ கட்டாயம். ஊரில் இருக்கும்போது நீங்கள் பெரும்பாலும் வழக்கமான இடத்திற்கு வெளியேதான் இருப்பீர்கள். அதற்காக அதை அணைத்துவிடாதீர்கள். தோளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் பார்த்துவிடுபவரிடமிருந்து அதுதான் காக்கிறது.

உறவினர் கணினியில் உள்நுழைய நேர்ந்தால் உலாவியின் விருந்தினர் முறையைத் திறந்துகொள்ளுங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளியேற மறந்துவிட்டால், உங்கள் கைப்பேசியில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, சாதனங்களின் பட்டியலில் அந்தக் கணினியைக் கண்டுபிடித்து அங்கிருந்தே வெளியேற்றலாம். வங்கிக் கணக்கை மட்டும் பிறர் கணினியில் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம்.

இவையெல்லாம் முடிந்தபின், புறப்படும் முன் ஒரு மாலையில் கைப்பேசியை அணைத்துவிட்டு, நீங்கள் இதுவரை உள்நுழையாத ஒரு கணினியில், தாளில் உள்ள ஒரு குறியீட்டைக் கொண்டு உங்கள் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள். திறந்தால், பயன்படுத்திய அந்தக் குறியீட்டைத் தாளில் அடித்துவிட்டு, மீதி ஒன்பதோடு பயணப்படுங்கள்.