நீளமான பைலட்டைப் போடாதீர்கள்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, ட்வின் பீக்ஸ் பைலட் முடிச்சுட்டேன். கொலை பண்ணவனைக் காட்டிட்டாங்க, அவன் செத்தும் போயிட்டான். மிச்சம் 29 எபிசோட்ல என்னதான் இருக்கு?"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே குழி.

டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் உருவாக்கிய இந்தத் தொடர் 1990 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஏபிசி சேனலில் தொடங்கியது. பைலட் என்பது அதன் நீளமான முதல் எபிசோட்; சேனலின் ஒப்புதலுக்காக முதலில் எடுப்பது. வாஷிங்டன் மாநிலத்தில் மலையும் பைன் மரங்களும் சூழ்ந்த ஒரு சிற்றூர். லாரா பாமர் என்ற பள்ளி மாணவியின் உடல் பிளாஸ்டிக் சுற்றிய நிலையில் கரை ஒதுங்குகிறது. விசாரிக்க எஃப்பிஐ ஏஜென்ட் டேல் கூப்பர் வருகிறார். துப்பறியும் கதை என்று நினைத்து உட்கார்ந்தவர்களை அது மெதுவாகக் காட்டுக்குள் கூட்டிப்போகிறது. டிஸ்க்கில் பார்ப்பவர்களுக்கோ காட்டை எட்டும் முன்பே ஆபத்து காத்திருக்கிறது. டிஸ்க்கைக் கீறாமல் பிடிப்பது, துடைப்பது போன்றவை உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

பைலட் இல்லாத பெட்டி

2001-இல் அமெரிக்காவில் முதல் சீசன் டிவிடியாக வந்தபோது உரிமைச் சிக்கலால் பைலட் அதில் இல்லை. நண்பனின் அண்ணன் கொண்டுவந்த பெட்டி அதுதான். டிவிடிகளை உலக வட்டாரம் வாரியாக எண் போட்டு, அந்தந்த வட்டாரத்து பிளேயரில் மட்டும் ஓடும்படி பூட்டியிருப்பார்கள். அந்த ரீஜியன் எண்ணில் அமெரிக்கா 1, இந்தியா 5. அதற்காகவே எல்லா ரீஜியனும் ஓடும் பிளேயரைத் தேடி வாங்கினோம். போட்டால், ஓட்டல் அறையில் ஒருவர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு டேப் ரெக்கார்டரிடம் பேசுகிறார். யார் அவர், யார் செத்தது, ஊரே ஏன் அழுகிறது, ஒன்றும் புரியவில்லை. பழைய பெட்டி கையில் கிடைத்தால் முதலில் பைலட் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீளமான பைலட்

பைலட்டைத் தேடி அலைந்து ஒரு வாடகைக் கடையில் பிடித்தோம். அது ஐரோப்பியப் பதிப்பு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. சொல்ல ஆளும் இல்லை.

நடந்தது இதுதான். தொடருக்குச் சேனலின் ஒப்புதல் கிடைக்காமல் போனாலும் பைலட்டை ஐரோப்பாவில் தனிப் படமாக வீடியோவில் விற்க வேண்டும் என்று ஒப்பந்தம். தனிப் படம் என்றால் முடிவு வேண்டும். அதனால் கடைசியில் சுமார் இருபது நிமிடம் சேர்த்து, ஒருவனைக் கொலையாளியாக நிறுத்தி, கணக்கை மூடிவிட்டார்கள். தொடர் சொல்லப்போகும் பதில் அதுவல்ல.

2007-இல் வந்த தங்க நிறப் பெட்டியில் இரண்டு பைலட்டும் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் புதிதாகப் பார்ப்பவர் எதைத் தொடுவார்? நீளமானதை. எக்ஸ்டெண்டட் கட், டைரக்டர்ஸ் கட் என்று பழகிய நமக்கு, நீளமாக இருப்பதே முழுசு என்று மனதில் பதிந்துவிட்டது. இங்கே அது நேர்மாறு. நேரத்தைப் பாருங்கள்: ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி இருந்தால் சரியானது. ஒன்றே முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் உடனே வெளியே வந்துவிடுங்கள்.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம், கொலையாளியைப் பற்றியதுகூட இல்லை. ஒரு முகத்தைப் பற்றியது. செட்டில் பொருட்களை அடுக்கும் வேலையில் இருந்தவர் ஃப்ராங்க் சில்வா. லாராவின் அறையில் மேசை நாற்காலியை நகர்த்திக்கொண்டிருந்தவரைப் பார்த்து லிஞ்சுக்கு ஏதோ தோன்ற, எதற்கென்று தெரியாமலே அவரைக் கட்டிலின் காலடியில் குந்தவைத்து ஒரு ஷாட் எடுத்தார். பிறகு லாராவின் தாய் அலறி எழும் காட்சி. கண்ணாடியில் ஃப்ராங்க் தெரிந்துவிட்டார், திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள். லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அமெரிக்கப் பைலட் அந்த அலறலோடு முடிகிறது. கண்ணாடியில் ஏதோ இருந்ததா இல்லையா என்ற குறுகுறுப்போடு மட்டும் நாம் படுக்கப் போகவேண்டும். நீளமான பதிப்பில் அதே முகத்துக்கு விளக்கைப் போட்டு, பேசவைத்து, சுட்டும் விடுகிறார்கள். பிறகு எந்த எபிசோடில் அவன் வந்தாலும் நெஞ்சு திடுக்கிடாது.

நீளமான பதிப்பின் கடைசியில் வரும் சிவப்புத் திரை அறைக்கும் இதே கதிதான். எடிட்டிங் நடந்த நாட்களில் ஒரு மாலை, வெயிலில் சூடேறிய கார் மேல் கைவைத்தபோது அந்த அறை மனதில் வந்தது என்று லிஞ்ச் சொல்லியிருக்கிறார். நடிகர்கள் வசனத்தைத் தலைகீழாகப் பேசி, அதைத் திருப்பி ஓட்டிய காட்சி அது. தொடரில் பைலட்டுக்குப் பிந்தைய இரண்டாம் எபிசோடின் கடைசியில், கூப்பரின் கனவாக, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது வரும். நான் அதை முதலிலேயே பார்த்துத் தொலைத்தவன். அந்த எபிசோடில் நண்பனின் தங்கை மட்டும் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் "இது ஏற்கெனவே பார்த்தது" என்று பேசிக்கொண்டிருந்தோம்.

முழுத் தொடரையும் முடித்த பிறகு ஐரோப்பியப் பதிப்பைப் பாருங்கள். அப்போது அது ஒரு நல்ல ஆவணம்.

கதைக் காலப்படி படத்திலிருந்து தொடங்குவது

1992-இல் வந்த 'ஃபயர் வாக் வித் மி' படத்தில் லாராவின் கடைசி ஏழு நாட்கள் வருவதால் அதுதான் முதல் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். தொடர் ஒளித்துவைத்த அத்தனையும் அதில் வெளிச்சத்தில் கிடக்கிறது. இரண்டு சீசனையும் முடித்துவிட்டுப் படம். அதன் பிறகு, 2014 புளூ-ரே பெட்டியில் வந்த, படத்தில் சேராத காட்சிகள். அதற்கும் பிறகே, 2017-இல் தொடர் திரும்பி வந்தபோது வந்த 18 பகுதிகள்.

எபிசோட் எண்

பைலட்டுக்கு எண் கிடையாது. 'எபிசோட் 1' என்பது இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது.

லாக் லேடி முன்னுரைகள்

மரக்கட்டையை ஏந்திய அந்த அம்மாள் ஒவ்வொரு எபிசோடுக்கும் முன்னால் பேசுவதை 1993 மறுஒளிபரப்புக்காக லிஞ்ச் எழுதி எடுத்தார். எல்லாம் தெரிந்த பின் எழுதியவை. முதல் முறை மெனுவில் அணைத்து வையுங்கள்.

பெட்டியின் பின்னட்டை

படிக்காதீர்கள்.

திரையை இழுத்து நிரப்புவது

தொடர் 4:3 அளவில் எடுக்கப்பட்டது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கத்தான் செய்யும். டிவியில் இழுத்து நிரப்பினால் எல்லார் முகமும் உப்பிவிடும்.

பாதியில் நிறுத்துவது

கொலையாளி யார் என்பது இரண்டாம் சீசனின் நடுவிலேயே, சேனலின் நெருக்குதலால், வெளியாகிவிடுகிறது. அதற்குப் பிறகு பல எபிசோடுகள் தொய்வானவை. ஒத்துக்கொள்கிறேன். அங்கே சலித்துப்போய் டிஸ்க்கை எடுத்து மூடிவைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். கடைசி எபிசோடை லிஞ்சே இயக்கினார். 1991 ஜூன் 10 அன்று ஒளிபரப்பானது. அதில் கூப்பர் அந்தச் சிவப்பு அறைக்கு மறுபடி போகிறார். அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன்: எத்தனை மாதமானாலும் சரி, அந்த ஒரு எபிசோடை மட்டும் தனியாக உட்கார்ந்து பார்க்காதே, என்னைக் கூப்பிடு.