ஒசாகாவில் இருவர்: காலையில் ஊர், மாலையில் கடைத்தெரு

ஜப்பானுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் டோக்கியோவைத்தான் நினைக்கிறார்கள். கணவனும் மனைவியுமாக ஐந்தாறு நாள் போய் ஊரும் பார்க்க வேண்டும், கடையும் ஏறி இறங்க வேண்டும் என்றால் நான் ஒசாகாவைத்தான் சொல்வேன். இந்த ஊரின் முக்கியமான இடங்களில் பல, ஒரே சுரங்க ரயில் பாதையை ஒட்டி இருக்கின்றன. வடக்கே உமேடா, தெற்கே நம்பா. இரண்டையும் பத்து நிமிடத்துக்குள் இணைப்பது 1933இல் தொடங்கிய மிதோசுஜி பாதை. வரைபடத்தில் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் வழி தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை.

ஒருவருக்குக் கோட்டையும் கோயிலும் பிடிக்கும், மற்றவருக்குத் துணியும் பாத்திரமும் பிடிக்கும். இரண்டையும் கலந்துகட்டினால் இரண்டுமே அரைகுறையாகும். காலையில் ஊர், மாலையில் கடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோட்டை ஒன்பது மணிக்கே திறந்துவிடுகிறது; கடைகள் பத்து, பதினொரு மணிக்குத்தான் கதவு திறக்கும். பெரிய கடைத்தெருக்கள் கூரை போட்டவை, மழையோ இருட்டோ தடையில்லை. ஊரே இந்த முறைக்கு ஏற்றபடிதான் அமைந்திருக்கிறது.

படி 1: மாதத்தை முடிவு செய்யுங்கள்

செர்ரிப் பூ மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் பூக்கும். இலைகள் சிவப்பது நவம்பர் பிற்பகுதியில். இரண்டும் அழகு, இரண்டிலும் விடுதி வாடகை ஏறும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம் வரை நீளும் தொடர் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். ஜப்பானே அப்போது ரயிலில் இருக்கும். ஜூன் மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டின் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததில்லை. என் தேர்வு நவம்பர். ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

படி 2: விசா

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுலாவுக்கு மின்விசா தருகிறார்கள். விண்ணப்பத்தை விசா மையம் வழியாகக் கொடுக்க வேண்டும். மின்விசாவை விமான நிலையத்தில் இணைய வசதியுள்ள போனில் திறந்து காட்ட வேண்டும், அச்சிட்ட தாள் செல்லாது. இருவருடைய போனிலும் இணையம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குடிவரவுக்கும் சுங்கத்துக்குமான விவரங்களை 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் முன்பே நிரப்பிவிட்டால் வரிசையில் நின்று படிவம் எழுதும் வேலை மிச்சம்.

படி 3: அறை எடுப்பது

முதல் பயணத்துக்கு நம்பா பக்கம் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து ரயில் நேரே வருகிறது, பக்கத்துப் பழைய கோயில் ஊரான நாராவுக்கும் ரயில் அங்கிருந்தே போகிறது, இரவு கடைத்தெருவிலிருந்து நடந்தே அறைக்குத் திரும்பலாம்.

அறையைப் பதிவு செய்யும்போது இருவராகப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை அவசியம் பார்க்க வேண்டும். 'செமி டபுள்' என்று போட்டிருந்தால் கட்டிலின் அகலம் சுமார் 120 சென்டிமீட்டர்தான். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்தால் ஒருவர் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் மற்றவர் எழுந்துகொள்வார். 'ட்வின்' என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில். நாளெல்லாம் நடந்த கால்களுக்கு அதுவே நிம்மதி. அறையின் பரப்பளவையும் பாருங்கள். 12, 13 சதுர மீட்டர் அறையில் இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் விரித்து வைக்க இடமிருக்காது. கடையில் வாங்கப் போகிறவர்களுக்கு 18 சதுர மீட்டராவது வேண்டும்.

படி 4: இறங்கியதும் செய்ய வேண்டியவை

கன்சாய் விமான நிலையம் கடலைத் தூர்த்து எழுப்பிய தீவில் இருக்கிறது, 1994இல் திறந்தார்கள். வெளியே வந்ததும் ரயில் நிலையத்தில் ஆளுக்கொரு ஐகோகா அட்டை வாங்குங்கள். ஒரே அட்டையில் இருவர் போக முடியாது. விலை 2,000 யென். அதில் 500 யென் முன்வைப்பு, மீதி பயணத்துக்கு. ரயில், பஸ், லாக்கர், தெருவோர பானக் கருவி, இருபத்து நான்கு மணிநேரக் கடை எல்லாவற்றிலும் இதைத் தொட்டால் போதும்.

நம்பாவுக்கு நான்காய் நிறுவனத்தின் ரயிலில் ஏறுங்கள். விமான நிலைய எக்ஸ்பிரஸ் சுமார் முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேரும். நீல நிற ராபிட் ரயில் சற்று வேகம், இருக்கைக்குத் தனிக் கட்டணம். பெட்டி கனமாக இருந்தால் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாம்.

ரொக்கம் கொஞ்சம் வேண்டும். செவன் இலெவன் கடை ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். கடையில் பணத்தைக் கையில் நீட்டாமல், கல்லாவுக்கு முன்னால் இருக்கும் சிறு தட்டில் வையுங்கள். எங்கும் டிப்ஸ் கிடையாது.

மிதோசுஜி பாதையில் வார நாள்களில் ஒரு பெட்டி முழுநாளும் பெண்களுக்கு மட்டும். நடைமேடைத் தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும் இடத்தில் கணவர் நிற்க வேண்டாம். இருவரும் பக்கத்துப் பெட்டியில் ஏறுங்கள்.

படி 5: முதல் மாலை

பயணக் களைப்போடு பெரிய திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். டோதொன்போரி கால்வாய் வரை நடங்கள், அது போதும். 1615இல் வெட்டி முடித்த கால்வாய் இது. எபிசு பாலத்திலிருந்து தெரியும், கிளிகோ என்ற மிட்டாய் நிறுவனத்தின் ஓட்டக்காரர் விளம்பரப் பலகை 1935இல் முதன்முதலில் வைக்கப்பட்டது; இப்போதிருப்பது ஆறாவது. பாலத்தில் கூட்டம் நெரியும். படம் எடுக்க நினைப்பவர்கள் படியிறங்கிக் கால்வாய் ஓரத்து நடைபாதைக்குப் போய்விடுங்கள். விளக்கும் தண்ணீரில் அதன் நிழலும் சேர்ந்து அங்கிருந்துதான் கிடைக்கும்.

இங்கே நின்று பார்க்க வேண்டியது தகோயாகி போடும் கைகளை. நம் பணியாரச் சட்டியைப் போலவே குழிகள், ஆனால் நீளமான இரும்புத் தட்டு. மாவைக் குழி நிரம்பி வழியும்படி ஊற்றுகிறார்கள். ஒவ்வொரு குழியிலும் ஆக்டோபஸ் துண்டு விழுகிறது. ஓரம் வெந்ததும் கூரான கம்பியால் கால்வட்டம் திருப்பி, வழிந்த மாவை அடியில் மடித்து உள்ளே தள்ளுகிறார்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று திருப்பத் திருப்ப அது உருண்டையாகிறது. உள்ளே கூழாகக் கொதிக்கும், உடனே வாயில் போட்டுவிடாதீர்கள்.

படி 6: கோட்டையிலிருந்து கடைத்தெருவுக்கு ஒரே வழி

இந்த நாளை நான் மிகவும் விரும்பிச் சொல்கிறேன், ஏனென்றால் திரும்பி நடக்கவே தேவையில்லாத வழி இது.

நம்பாவில் ஏறி ஹொம்மாச்சியில் சூவோ பாதைக்கு மாறி, தனிமாச்சி யொன்சோமேயில் இறங்குங்கள். கோட்டைக்கு ஒன்பது மணிக்குப் போய்விட வேண்டும். ஜப்பானை ஒன்றுபடுத்திய படைத்தலைவர் தொயொதோமி ஹிதெயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1615 போரில் அழிந்தது. அடுத்து நாட்டை ஆண்ட தொகுகவா வம்சத்தின் காலத்தில் மீண்டும் எழுந்த கோபுரத்தை 1665இல் இடி எரித்தது. இப்போது நிற்பது 1931இல் மக்கள் நன்கொடையில் எழுப்பிய கான்கிரீட் கோபுரம். உள்ளே லிஃப்ட் இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. வரிசை நீளமாக இருந்தால் உள்ளே போகாவிட்டாலும் குறையில்லை. உண்மையில் பழமையானவை மதில்கள்தாம். சகுரா வாசலைத் தாண்டியதும் எதிரே ஒற்றைப் பாறை நிற்கும். அதன் எடை சுமார் 108 டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கடலோரத் தீவுகளில் வெட்டிப் படகில் கொண்டுவந்த கற்கள் இந்த மதில்களில் இருக்கின்றன. வேலையைப் பங்குபோட்டுச் செய்த சிற்றரசர்கள் தங்கள் அடையாளத்தைக் கற்களில் கொத்தியிருக்கிறார்கள். அருகில் போய்த் தேடினால் வட்டமும் அம்பும் கண்ணில் படும்.

பிறகு அதே பாதையில் ஒரு நிலையம் திரும்பி சகாய்சுஜி ஹொம்மாச்சியில் இறங்குங்கள். துணிப் பிரியர்களுக்கான இடம் இங்கே தொடங்குகிறது. செம்பா சென்டர் என்ற கட்டட வரிசை 1970இல் கட்டியது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம், அதன் கூரைமேல் விரைவுச்சாலை ஓடுகிறது. பத்துக் கட்டடங்களிலும் துணியும் ஆடையும் பையும்தான் பெரும்பாலும். சில கடைகள் மொத்த வியாபாரிகளுக்கு மட்டும் விற்கும், கேட்டுவிட்டு நுழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும்.

மறுமுனையில் வெளியே வந்தால் ஹொம்மாச்சி. ஒரு நிலையம் போனால் ஷின்சாய்பாஷி. அங்கிருந்து கூரையிட்ட தெரு தெற்கே நீளுகிறது. அதன் வழியே கடை பார்த்துக்கொண்டே நடந்தால் டோதொன்போரி, அதைத் தாண்டினால் நம்பா, உங்கள் அறை. வாங்கிய பைகளோடு ரயில் ஏறவே தேவையில்லை.

கூட்டத்தில் ஒருவர் ஒரு கடையிலும் மற்றவர் இன்னொன்றிலும் நிற்க நேரும். நம்பாவில் தகஷிமாயா கடையின் வாசல் என்று சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே பேசி வையுங்கள். எபிசு பாலத்தைச் சொல்லாதீர்கள். எல்லோரும் அங்கேதான் காத்திருக்கிறார்கள்.

படி 7: சாப்பாடு, குறிப்பாக சைவர்களுக்கு

காய்கறி மட்டும்தானே தெரிகிறது என்று நம்பிவிட முடியாது. மீனை உலர்த்திச் செய்யும் தாஷி என்ற சாறு குழம்பு, நூடுல்ஸ், மிசோ சூப் என எல்லாவற்றுக்கும் அடிப்படை. 'நிகு மோ சகனா மோ தபேமாசென்' என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டோம் என்று பொருள். 'தாஷி மோ' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். இதை ஜப்பானிய எழுத்தில் போனில் சேமித்து வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது. அவசரத்துக்கு, உப்பிட்ட உமே பழம் வைத்த சோற்று உருண்டை இருபத்து நான்கு மணிநேரக் கடைகளில் கிடைக்கும். மிகவும் கண்டிப்பானவர்கள் அதன் பொருள் பட்டியலையும் போனில் மொழிபெயர்த்துப் பாருங்கள். இந்திய உணவகங்கள் நகரில் நிறைய உண்டு, ஒரு வேளையை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

படி 8: ஒரு நாள் நாராவுக்கு

ஒசாகா நம்பாவிலிருந்து கின்தெட்சு ரயிலில் சுமார் நாற்பது நிமிடம். கின்தெட்சு நாரா நிலையம்தான் மான் பூங்காவுக்குப் பக்கம். மான்களுக்கென்று விற்கும் பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது; கையில் வரைபடத் தாள் இருந்தால் பைக்குள் வையுங்கள், தின்றுவிடும்.

தோதாய்ஜி கோயிலின் வெண்கலப் புத்தர் ஏறக்குறைய 15 மீட்டர் உயரம். 752இல் இந்தச் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர், தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்தவராகச் சொல்லப்படும் துறவி. அந்தச் சேதியோடு உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள், பார்வையே வேறாகிவிடும். இப்போதுள்ள மண்டபம் 1709இல் முடிந்தது.

படி 9: வடக்குப் பக்கம்

காலையில் தென்ஜின்பாஷிசுஜி. 2.6 கிலோமீட்டர், நாட்டிலேயே நீளமான கூரைக் கடைத்தெரு. சுற்றுலாக் கூட்டத்தைவிட உள்ளூர்க்காரர்கள் அதிகம் என்பதால் செருப்பு, தேநீர், பழைய புத்தகம், குடை எல்லாம் நியாயமான விலையில் கிடைக்கும். ஆறாம் வட்டாரத்து நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் பழைய ஒசாகாத் தெரு ஒன்றை முழு அளவில் கட்டிவைத்திருக்கிறார்கள், செவ்வாய் விடுமுறை.

மாலையில் உமேடா ஸ்கை கட்டடம், 1993இல் திறந்தது, உயரம் 173 மீட்டர். உச்சியில் இரு கோபுரங்களுக்கு நடுவே அந்தரத்தில் எஸ்கலேட்டர் போகிறது. சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முன்னால் மேலே இருந்தால் பகலும் விளக்கும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும். இறங்கியதும் ஹான்க்யூ, ஹான்ஷின் கடைகளின் அடித்தள உணவுத் தளத்துக்குப் போங்கள். மூடும் நேரம் நெருங்க நெருங்க உணவுப் பெட்டிகளில் தள்ளுபடி ஒட்டுகள் விழும்.

படி 10: கனமான பொருள்கள் கடைசி நாளில்

நம்பாவின் தோகுயாசுஜி சமையல் பாத்திரங்களுக்கான சிறு தெரு. சமையலை நேசிக்கும் தம்பதிக்கு இதைவிட நல்ல நினைவுப்பொருள் கிடைக்காது. பக்கத்து ஊரான சகாய் கத்திக்குப் பேர்போனது; அடிப்பவர் ஒருவர், தீட்டுபவர் ஒருவர், பிடி போடுபவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருக்கும். நம் சமையலுக்குக் கார்பன் எஃகு வேண்டாம். புளியும் எலுமிச்சையும் பட்டு, துடைக்காமல் விட்டால் கறுத்துத் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகில் 'சந்தோகு' வகை வாங்குங்கள். காய்க்கும் மீனுக்கும் அருமையான கத்தி. தேங்காயையோ எலும்பையோ அதனால் தட்டினால் விளிம்பு உடையும். சில கடைகளில் பெயரைச் சொன்னால் சிற்றுளியையும் சுத்தியையும் வைத்து அலகில் கொத்தித் தருவார்கள். கட்டிக் கொடுத்த உறையைத் தெருவில் பிரிக்காதீர்கள். தக்க காரணமின்றி ஆறு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகோடு நடமாடுவது சட்டப்படி குற்றம். விமானத்தில் அனுப்பும் பெட்டிக்குள்தான் போக வேண்டும்.

அருகிலுள்ள நிப்போன்பாஷியில் மின்கருவிகள். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். அங்குள்ள சோறு வடிக்கும் கருவியை ஆசைப்பட்டு வாங்கி நம் 230 வோல்ட்டில் சொருகினால் அன்றே போய்விடும். '100-240' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். கேமராவில் ஆங்கில மெனு வருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

படி 11: வரியும் பெட்டியும்

பொருள்களுக்கு 10 விழுக்காடு நுகர்வு வரி, உணவுக்கு 8. வரியில்லா விற்பனைப் பலகை வைத்த கடையில், ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்காவது வாங்கினால் சலுகை உண்டு. அசல் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். 2026 அக்டோபர் வரை பயணம் என்றால் கடையிலேயே வரியைக் கழித்துக்கொள்வார்கள். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: வரியோடு பணம் செலுத்தி, ஊர் திரும்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் உறுதி செய்த பிறகு வரித்தொகை திரும்பும். அப்போது வாங்கிய பொருள்களைக் காட்டச் சொல்லலாம். ஆகவே பெட்டியை ஒப்படைப்பதற்கு முன் சுங்க வேலையை முடித்துவிடுங்கள், அதற்கென்று அரைமணி கூடுதலாக ஒதுக்குங்கள்.

கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகும் கடை பார்க்க நேரமிருந்தால், பெட்டியை நிலைய லாக்கரில் வையுங்கள். பெரிய பெட்டி கொள்ளும் லாக்கர்கள் பத்து மணிக்குள் நிரம்பிவிடும். விடுதி வரவேற்பிலேயே கேட்டால் மாலைவரை வைத்துக்கொள்வார்கள். முதலில் அதைக் கேளுங்கள்.