பழைய மௌசருக்கு ஸ்கோப் மவுண்ட் தேடியது: என் அனுபவம்

என்னிடம் இருப்பது மௌசர் 98. ராணுவத் துப்பாக்கியை முன்பு யாரோ வேட்டைக்கு ஏற்றபடி மாற்றி, ரிசீவரில் (பேரலுக்குப் பின்னால் போல்ட் இயங்கும் உடற்பகுதி) துளையும் போட்டிருக்கிறார்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்ட் மட்டும் இல்லை.

'மௌசர் 98க்கு' என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ராணுவ ரிசீவரின் பின்பக்கத்தில் தோட்டா கிளிப்பைச் செருக ஒரு மேடு இருக்கும். மாற்றியவர் அதை முழுக்கத் தேய்த்திருக்கலாம், பாதியில் விட்டிருக்கலாம். அதைப் பொறுத்து, ரிசீவர் மேல் உட்காரும் மவுண்டின் அடிப்பகுதியான பேஸின் உயரமே மாறிவிடும். அதனால் தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு, துளைகளின் இடைவெளியை வெர்னியரில் அளந்தேன். மரை 6-48 (6ஆம் எண் திருகு, அங்குலத்துக்கு 48 மரை), பழைய அமெரிக்க மவுண்ட்களில் வழக்கமாக வருவதுதான்.

அந்த அளவுகளை வைத்துத் தேடியபோது பழைய ரெட்ஃபீல்ட் ஜேஆர் பேஸ் கிடைத்தது. அருமையான வேலைப்பாடு! ஸ்கோப்பைப் பிடிக்கும் முன்வளையம் பேஸின் பள்ளத்தில் குறுக்காக இறங்கி, 90 டிகிரி திரும்பிப் பூட்டிக்கொள்ளும். அதைத் திருப்ப ஸ்கோப்பைப் பிடித்து நெம்பக் கூடாது, குழாய் கெட்டுவிடும். 1 அங்குல மரத்தண்டை வளையத்தில் மாட்டித் திருப்பினேன். பின்வளையத்தை இரண்டு பக்கத் திருகுகள் பிடிக்கின்றன. ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் ஸ்கோப்பின் பின்முனை இடம் வலமாக நகரும். துளைகள் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இதிலேயே சரிசெய்துவிடலாம்.

பேஸின் முன்திருகு நீளமாக இருந்தால் பேரல் மரையில் முட்டும். இறுகியது போலத் தெரிந்தாலும் பேஸ் ஆடும். நுனியை அரத்தால் கொஞ்சம் குறைத்தேன்.

அப்புறம், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டி. ராணுவ சேஃப்டியின் இறக்கை மேலே எழும்பி, தாழ்வாக மாட்டிய ஸ்கோப்பில் இடிக்கும். ஸ்கோப்புக்குக் கீழேயே இயங்கும் பியூலர் சேஃப்டியைப் போட்டதும் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.