மழை விட்ட பிறகுதான் கவனம் வேண்டும்: நீலகிரி மண்சரிவும் நம் தவறுகளும்

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நாம் செய்யும் பெரிய தவறு, மழை விட்டதும் 'சரி, இனிப் பயமில்லை' என்று இருந்துவிடுவது. மேலே வெயில் அடித்தாலும், பெய்த தண்ணீர் இன்னும் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். கீழே பாறை தட்டியதும் அங்கே தேங்கும். மண்ணின் பிடிமானம் உள்ளிருந்தே தளர்ந்துவிடும். பனிமலைகளிலும் இதே கதைதான்: விடியலில் இறுகிக் கிடக்கும் பனி, வெயில் ஏறி உருகிய நீர் உள்ளே இறங்கியதும் சரிகிறது. ஊட்டிப் பக்கத்து நம் அவலாஞ்சிக்கு, சரிவைக் குறிக்கும் 'அவலாஞ்ச்' என்ற ஆங்கிலச் சொல் பெயராக வந்ததே ஒரு மண்சரிவால்தான்.

அடுத்தது, விரிசலைப் பூசி மறைப்பது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு முற்றத்தில் முடி அகலத்துக்குக் கோடு விழுந்தது. சிமெண்ட் பூசினார்கள். மறு வாரம் அதே இடத்தில் விரல் நுழைந்தது. கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியைக் காலையும் மாலையும் அளந்து பாருங்கள். தண்ணீர் உள்ளே போகாமல் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். இடைவெளி கூடினால் அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்புங்கள், சாமான்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். கதவு திடீரென்று இறுகுவதும், தடுப்புச் சுவர் வயிறு தள்ளுவதும் இதே எச்சரிக்கைதான். தடுப்புச் சுவரில் தண்ணீர் வடியும் துளைகளைச் செடியும் மண்ணும் அடைத்திருந்தால், மழைக்கு முன்பே அவற்றைச் சுத்தம் செய்யுங்கள்.

'நம்ம பக்கம் விழாது' என்பதும் ஆபத்தான நம்பிக்கை. கூடலூர், அவலாஞ்சிக்கு ஆடி மழை. குன்னூர், கேத்திக்கு வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஜே.சி.பி. வைத்துச் செங்குத்தாக வெட்டிய மேடு இருந்தால், எத்தனை வருடம் நின்றிருந்தாலும் அதை நம்பாதீர்கள். மழை வலுக்கும் இரவுகளில் அந்தப் பக்கத்து அறையில் படுக்க வேண்டாம்.

மேட்டுப்பாளையம் சாலையில் சின்னக் கற்கள் உருளும் இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. சின்னக் கல்லுக்குப் பின்னால் பெரியது வரலாம். மழை நாளில் அந்தப் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். சரிவைப் பார்த்தால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

அப்புறம் ஓடை. ராத்திரி முழுக்க இரைந்த ஓடை சட்டென்று அடங்கினால், மழை குறைந்தது என்று திரும்பிப் படுக்காதீர்கள். மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கலாம். டார்ச்சோடு பார்க்கப் போகவும் வேண்டாம். பிள்ளைகளை எழுப்பி, ஓடையை விட்டு விலகிப் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.