ஊருக்குப் போகும்போது வீடியோ கேம் வாங்க: சென்னைக் கடைகளில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

கோடை விடுமுறைக்குத் தமிழ்நாட்டுக்குக் கிளம்பும் குடும்பங்களில் பெரியவர்களிடம் புடவைக்கும் நகைக்கும் ஒரு பட்டியல் இருக்கும். பிள்ளைகளிடம் பிளேஸ்டேஷன் பட்டியல் இருக்கும். "அங்க எல்லாம் சீப்பா கிடைக்கும்" என்று யாராவது சொல்லியும் வைத்திருப்பார்கள். அதில் பாதிதான் உண்மை. விளையாட்டு டிஸ்க் மலிவு, அதை ஓட்டும் மெஷின் மலிவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனால் பணம் மிச்சமாகும். திரும்பி வந்தபிறகு பிள்ளை முகம் வாடுவதையும் தவிர்க்கலாம்.

மெஷின் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2024 ஏப்ரலில் சோனியின் பிளேஸ்டேஷன் 5, அதாவது பிஎஸ்5 ஸ்லிம் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, டிஸ்க் போடும் மாடலின் விலை 54,990 ரூபாய். அதே மாடல் அப்போது அமெரிக்காவில் 499.99 டாலர், அதாவது வரிக்கு முன்னால் ஏறக்குறைய 42,000 ரூபாய். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் பல வருடமாக இந்தியாவில் மெஷின் விலை கூடுதலாகவே இருந்து வந்திருக்கிறது. போதாததற்கு, இங்கே வாங்கிய மெஷினுக்கு இங்கேதான் வாரண்டி. டொராண்டோவிலோ லண்டனிலோ பழுதானால் இந்திய பில்லை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஆகவே எடுத்துப்போவதற்கு மெஷின் வாங்க வேண்டாம்.

ஊரில் இருக்கும் அக்கா பிள்ளைக்கோ சித்தப்பா பேரனுக்கோ பரிசாகக் கொடுக்க நினைத்தால் கணக்கு வேறு. வெளிநாட்டிலிருந்து சுமந்துபோனால் சுங்கத்தில் கேள்வி வரலாம், பழுதானால் அவர்கள்தான் தவிப்பார்கள். கொஞ்சம் அதிகமானாலும் இங்கேயே பில் போட்டு வாங்கிக் கொடுங்கள்.

நின்டெண்டோ சுவிட்ச் தேடி அலைவதும் வீண். நின்டெண்டோ நேரடியாக இந்தியாவில் விற்பதில்லை. கடையில் இருப்பதெல்லாம் தனியாக இறக்குமதி செய்தவை. அதனால் விலையும் ஏறியிருக்கும், கம்பெனி வாரண்டியும் கிடைக்காது.

இனி டிஸ்க். பிஎஸ்5-க்கு சோனியே வெளியிடும் பெரிய விளையாட்டுகளுக்கு இந்தியாவில் 4,999 ரூபாய் என்பது வழக்கமான அட்டை விலை. அதே விளையாட்டுக்கு இங்கிலாந்தில் 69.99 பவுண்ட், பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் 79.99 யூரோ. கனடாவில் 89.99 டாலர், ஒன்டாரியோவில் அதற்குமேல் 13 சதவீத வரி. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்குப் புதிதாக வந்த விளையாட்டிலேயே நல்ல லாபம் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு லாபம் குறைவு.

என்னைக் கேட்டால் புது விளையாட்டைவிடப் பழைய சரக்கில்தான் விசேஷம். பிஎஸ்4 டிஸ்க்குகளில் பெயர்பெற்ற விளையாட்டுகள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பிஎஸ்4 டிஸ்க் பிஎஸ்5-லும் ஓடும், உங்கள் வீட்டு மெஷினில் டிஸ்க் டிரைவ் இருந்தால் போதும். டிஜிட்டல் எடிஷன் வைத்திருப்பவர்கள், அந்த மாடலில் முடியுமானால், டிரைவைத் தனியாக வாங்கிச் சேர்க்காதவரை எந்த டிஸ்க்கும் பயன்படாது. இதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தெரியும், அவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அட்டையில் பார்க்க வேண்டியது

பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. சென்னையில் வாங்கிய டிஸ்க் சிட்னியிலும் ஓடும், சிகாகோவிலும் ஓடும். உங்கள் பிளேஸ்டேஷன் கணக்கு எந்த நாட்டுடையதாக இருந்தாலும் விளையாட்டு திறக்கும், அப்டேட்டும் இறங்கும். பலர் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிக்கல் இதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

விளையாட்டுக்கு அப்புறம் தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள், அதாவது டிஎல்சி, டிஸ்க் எந்தப் பிராந்தியத்துடையதோ அந்தப் பிராந்தியக் கடையிலிருந்துதான் வாங்க வேண்டும். இந்தியாவில் முறையாக விற்கும் டிஸ்க் பெரும்பாலும் ஐரோப்பியப் பதிப்பு. அட்டையின் முன்பக்கக் கீழ் மூலையில் 3, 7, 12, 16, 18 என்று வயது எண் போட்ட பெகி முத்திரை இருக்கும். லண்டன், பாரிஸ், ஓஸ்லோ, சூரிச் என்று ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இது பழகிய முத்திரை. அவர்கள் இந்திய டிஸ்க்கைப் போட்டு, தங்கள் கணக்கிலேயே கூடுதல் பகுதிகளையும் பெரும்பாலும் சிக்கலில்லாமல் வாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களின் டிஸ்க்கில் பெகி இருக்காது. அங்கே ஈ, டி, எம் என்று எழுத்து போட்ட ஈஎஸ்ஆர்பி முத்திரை. பெகி டிஸ்க்கை வாங்கிப்போய் கனடா கணக்கில் டிஎல்சி வாங்கினால், பணம் போகும், இரண்டும் சேராது. அட்டையின் முதுகில் பி-பி-எஸ்-ஏ அல்லது சி-யூ-எஸ்-ஏ என்று தொடங்கும் எண் இருக்கும். அந்த எண்தான் டிஸ்க்கின் அடையாளம். உங்கள் வீட்டில் ஏற்கெனவே அதே விளையாட்டுக்கு டிஎல்சி வாங்கி வைத்திருந்தால், வீட்டு அட்டையின் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

வட அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் இரண்டு வகையை மட்டும் எடுத்தால் கவலையில்லை. ஒன்று, கூடுதல் பகுதியே தேவைப்படாத, ஒரே மூச்சில் ஆடி முடிக்கும் கதை விளையாட்டுகள். இன்னொன்று, எல்லாம் டிஸ்க்கிலேயே அடங்கிய முழுப் பதிப்புகள். ஹொரைசன் ஜீரோ டான் விளையாட்டின் கம்ப்ளீட் எடிஷன் இதற்கு நல்ல உதாரணம், அதன் கூடுதல் கதையும் டிஸ்க்கிலேயே இருக்கிறது. வேறு சில பதிப்புகளில் "கம்ப்ளீட்" என்று போட்டுவிட்டு உள்ளே ஒரு குறியீட்டுத் தாளை மட்டும் வைத்திருப்பார்கள். அந்தக் குறியீடு டிஸ்க்கின் பிராந்தியத்துக் கணக்கில்தான் வேலை செய்யும். பின்பக்க அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதை வாசிக்காமல் பில் போடாதீர்கள்.

பிளேஸ்டேஷன் கணக்கில் பணம் ஏற்ற ரூபாயில் விற்கும் வாலட் கார்டை வாங்கவே வாங்காதீர்கள். அது இந்தியக் கணக்குக்கு மட்டும்தான் செல்லும். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன், எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் மெஷின்களின் டிஸ்க்குகளுக்கும் நாட்டுப் பூட்டு இல்லை, ஆனால் கடைகளில் அவை தென்படுவதே அபூர்வம்.

எந்தக் கடை

1965-ல் தொடங்கிய விவேக்ஸ், 1978-ல் தொடங்கிய வசந்த் அன் கோ, தூத்துக்குடியிலிருந்து வளர்ந்த சத்யா, அப்புறம் டார்லிங் என்று நம்மூரில் பெயர் வாங்கிய எலக்ட்ரானிக்ஸ் கடைகள் முதன்மையாக டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கடைகள். கேம் இருந்தால் டிவி பிரிவை ஒட்டி ஒரு மூலையில் இருக்கும். எல்லாக் கிளையிலும் இருக்காது, ஆகவே போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். அகில இந்தியக் கடைகளான குரோமாவிலும் ரிலையன்ஸ் டிஜிட்டலிலும், குறிப்பாகப் பெரிய மால்களில் உள்ள கிளைகளில், கேமுக்கென்று தனி அலமாரியைப் பார்க்கலாம். சோனி சென்டர்களையும் விட்டுவிடாதீர்கள்.

நான் ஆசையோடு தேடுவது நகரத்தின் பெரிய கிளையில் அல்ல, புறநகரிலும் மாவட்டத் தலைநகரிலும் உள்ள சின்னக் கிளைகளில். பெரிய கிளையில் நல்ல விளையாட்டு வந்த வேகத்தில் போய்விடும். சின்னக் கிளையில் கேம் கேட்டு வருகிறவர்கள் குறைவு, சரக்கு தேங்கி நிற்கும், ஒரு கட்டத்தில் மேனேஜருக்கே அதைத் தள்ளிவிட்டால் போதும் என்று இருக்கும். அலமாரியில் வெறும் அட்டைகளை அடுக்கிவிட்டு டிஸ்க்கை உள்ளே பூட்டி வைத்திருப்பார்கள் என்பதால், கண்ணில் படாதது கடையிலும் இல்லை என்று நினைக்க வேண்டாம். வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

"தம்பி, பிஎஸ்4 பழைய ஸ்டாக் ஏதாவது உள்ள இருக்கா? கிளியரன்ஸ்ல போட்டது?"

"கேட்டுச் சொல்றேன் சார், கொஞ்சம் உக்காருங்க."

உட்காருங்கள். உள்ளே போன தம்பி ஒரு அட்டைப்பெட்டியோடு வருவதற்கு வாய்ப்பிருக்கிறது. அமேசான் இந்தியாவில் அதே டிஸ்க்கின் அன்றைய விலையைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல இவ்வளவுதானே போட்டிருக்கு, நீங்க என்ன பண்ணித் தருவீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். விற்பனைப் பையனால் விலையைக் குறைக்க முடியாது, மேனேஜரால் முடியும். ஒன்றுக்கு மூன்றாக எடுத்தால் பேச்சு இன்னும் சுலபம்.

கடைக்குப் போகும்போது சொந்தக்காரர் யாரையாவது அவருடைய வங்கி கார்டோடு கூட்டிப்போங்கள். தள்ளுபடியில் ஒரு பெரிய பங்கு இந்திய வங்கி கார்டுகளுக்குத்தான். வெளிநாட்டு கார்டு பெரிய கடைகளில் செல்லும், ஆனால் அந்தச் சலுகை கிடைக்காது. பணத்தை மாமாவுக்கோ மைத்துனருக்கோ கையில் கொடுத்துவிட்டால் முடிந்தது.

எப்போது போவது? ஆடித் தள்ளுபடி ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. ஐரோப்பா, கனடா பள்ளி விடுமுறையும் அப்போதுதான். சுதந்திர தினத்தை ஒட்டியும் சலுகைகள் வரும். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் வருகிறவர்கள் சோனியின் டேஸ் ஆஃப் பிளே விற்பனையைப் பாருங்கள், அந்த நாட்களில் டிஸ்க் விலையை கம்பெனியே குறைக்கும். டிசம்பரில் வந்து மார்கழிக் கச்சேரி கேட்கிறவர்களுக்குப் புத்தாண்டு விற்பனை இருக்கிறது. ஜனவரி 1 அன்று விவேக்ஸ் வாசலில் நிற்கும் வரிசை சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

ரிச்சி தெருவும் பர்மா பஜாரும்

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கன்ட்ரோலர், கேபிள், பழைய டிஸ்க் என்று எல்லாம் கிடைக்கும், பேரமும் பேசலாம். பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவாக்கிய பர்மா பஜாருக்கும் இதில் பழைய பெயர் உண்டு. இரண்டு இடத்திலும் நேரம் செலவழிக்க எனக்குப் பிடிக்கும். ஆனால் புதிதாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முறையாக இறக்குமதியான எந்தப் பெட்டியிலும் எம்ஆர்பி (அதிகபட்ச சில்லறை விலை), இறக்குமதியாளர் பெயர், முகவரி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். எம்ஆர்பிக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. ஸ்டிக்கர் இல்லையென்றால் அது வேறு வழியாக வந்த சரக்கு, எந்தப் பிராந்தியம் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். "உள்ளே ஆயிரம் கேம் ஏத்தித் தர்றேன்" என்று காட்டும் மெஷின்களைத் தொடாதீர்கள். திருட்டு நகல், வெளிநாட்டு இணையத்தில் இணைத்ததும் கணக்கே முடங்கக்கூடும்.

பழையதைச் சேர்க்கும் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். 2009-ல் சோனி இந்தியாவுக்கென்றே தேசி அட்டா, ஹனுமான்: பாய் வாரியர் என்று விளையாட்டுகளை வெளியிட்டது. கில்லியும் கபடியும் பட்டம் விடுதலும் உள்ள தேசி அட்டா வெளிநாட்டுக் கடைகளில் காண்பதற்கு அரிய பொருள். பிஎஸ்2 பதிப்பு பால் (PAL) என்ற டிவி முறையில் இருப்பதால் அமெரிக்க, கனடா பிஎஸ்2-ல் ஓடாது. கையடக்க பிளேஸ்டேஷனான பிஎஸ்பி-யின் பதிப்பு கிடைத்தால் எடுத்துவிடுங்கள், பிஎஸ்பி விளையாட்டுகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை.

இலங்கைக்குப் போகிறவர்கள்

யாழ்ப்பாணத்தில் கேம் டிஸ்க்குக்காக அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் நிறைய. ஆனால் அங்கே விலையில் இறக்குமதிச் செலவு முழுவதும் ஏறியிருக்கும், டிஸ்க் எந்தப் பிராந்தியத்திலிருந்து வந்தது என்பதும் கடைக்குக் கடை மாறும். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு விமானம் இருப்பதால், கல்யாணச் சாமான் வாங்கச் சென்னை போகிற குடும்பங்கள் டிஸ்க் வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மூட்டை கட்டும்போது

டிஸ்க்கைச் சூட்கேஸில் துணிக்கு நடுவே வையுங்கள். கன்ட்ரோலரில் லித்தியம் பேட்டரி இருப்பதால் அதைக் கைப்பையில் எடுத்துப்போவது நல்லது, பவர் பேங்க் கட்டாயம் கைப்பையில்தான் போக வேண்டும். விமான நிலையத்தில் ஜிஎஸ்டி திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இறங்கும் நாட்டில் வரம்பைப் பாருங்கள்: இரண்டு நாளுக்கு மேல் வெளியே இருந்த கனடாக்காரருக்கு 800 கனடிய டாலர், பிரிட்டனில் 390 பவுண்ட், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விமானத்தில் வந்தால் 430 யூரோ. வாங்கிய புடவைக்கும் இதே வரம்புதான், ஆகவே எல்லா பில்லையும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைக் கிளம்புகிற நாளுக்கு முன்னதாகவே வாங்குங்கள். பிரித்த டிஸ்க்கைக் கடைகள் திரும்ப எடுப்பதில்லை. ஓடாத டிஸ்க்கை மட்டும், அதுவும் சில நாளுக்குள் பில்லோடு போனால், மாற்றித் தருவார்கள். ஊரில் பிளேஸ்டேஷன் வைத்திருக்கும் மச்சான் வீட்டில் ஒருமுறை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடுங்கள்.